அடுக்களையில் பொடி ஈ

என் கணவர் குடியை நிறுத்திப் பத்தொன்பதாவது நாள், அடுக்களை ஜன்னலோரம் இருந்த கண்ணாடி ஜாடியின் கழுத்தில் முதல் ஈயைப் பார்த்தேன். கடுகளவு. சிவப்புக் கண். மூடியிருந்த துணியின் மேல் ஏறுவதும் இறங்குவதுமாக, உள்ளே போக வழி தேடிக்கொண்டிருந்தது. கையால் தட்டினேன். பறந்துபோய் மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அந்த நாட்களில் எல்லாவற்றையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சிகிச்சை முடிந்து அவர் வீடு திரும்பிய நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே அன்றைய எண் மனதில் வந்து நின்றுவிடும்.

எங்கள் ஊர் நாகர்கோவில். கல்யாணமான கையோடு திருவனந்தபுரம் வந்தோம். வலியசாலையில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா, நாங்கள் சேச்சி என்று கூப்பிடுவோம். பிள்ளைகள் இல்லை. அவருக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மாலை நாலரைக்குத் திரும்பிவிடுவார். முன்பு அப்படித் திரும்பியதில்லை. லாட்ஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனையோ கதவுகள், எல்லாம் திறந்தே இருந்தன.

நிறுத்திய பிறகு பகலெல்லாம் ஒருமாதிரி ஓடிவிடும். ஆறு மணிதான் பொல்லாதது. ஐந்தரைக்கே ஆரம்பிக்கும். முன்னறையிலிருந்து அடுக்களைக்கு நடப்பார். அடுக்களையிலிருந்து மொட்டைமாடிப் படிக்கட்டு வரை. மறுபடி முன்னறை. டிவியைப் போடுவார், அணைப்பார். வாழைப்பழம் ஒன்றை உரித்துப் பாதி தின்றுவிட்டு வைத்துவிடுவார். என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாம், நீ உன் ஜோலியைப் பாரு" என்பார். ஜோலி எங்கே பார்க்க? அவருடைய காலடிச் சத்தத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவரே சொன்னார். "சாராயம் மட்டும் இல்ல கேட்டியா. கையில ஒரு கிளாஸ் வேணும். சில்லுன்னு இருக்கணும். தொண்டையில சுருக்குனு எறங்கணும். அந்த நேரத்துக்குக் கைக்கு ஒண்ணும் இல்லாம என்ன செய்யன்னு தெரியல."

எலுமிச்சம்பழ சோடா கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாளே சலித்துவிட்டது. அப்போதுதான் வேலை செய்யுமிடத்தில் ஒரு டீச்சர் கைதச்சக்கைத் தோலை வைத்து ஒரு பானம் செய்வதைப் பற்றிச் சொன்னார். கைதச்சக்கை என்றால் அன்னாசி. தோலைக் கழுவி, இடித்த இஞ்சியும் கருப்பட்டியும் சேர்த்து, தண்ணீர் ஊற்றித் துணியால் மூடி மூன்று நாள் வைக்க வேண்டும். பிறகு வடிகட்டி, கனமான புட்டியில் அடைத்து ஒருநாள் வெளியே, அப்புறம் ஃப்ரிட்ஜில். திறக்கும்போது புஸ்ஸென்று பொங்கும். இனிப்பும் புளிப்பும் காரமுமாக இருக்கும்.

முதல் கிளாஸை அவர் குடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கொள்ளாமே இது, நல்லா இருக்கு" என்றார். முழுவதையும் உட்கார்ந்து குடித்தார். உட்கார்ந்து! எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாளே இரண்டாவது ஜாடி வாங்கினேன்.

இங்கே என் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் நான் லேப் அசிஸ்டென்ட். மாணவர்களின் மரபியல் பாடத்துக்காகப் பழ ஈ வளர்ப்பது என் பொறுப்பு. ரவையும் வெல்லமும் அகர்-அகரும் காய்ச்சி, பாட்டில்களில் ஊற்றி ஆறவைத்து, மேலே கொஞ்சம் ஈஸ்ட் தூவி, ஈக்களை விட்டுப் பஞ்சால் அடைப்பேன். முட்டை புழுவாகி, புழு கூடாகி, கூடு ஈயாவதற்கு நம் ஊர்ச் சூட்டில் பத்து நாள் போதும். ஆண் எது, பெண் எது என்று லென்ஸ் இல்லாமலே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் வீட்டில்தான் அந்த ஈ வந்து உட்கார்ந்தது.

ஒரு வாரத்தில் அடுக்களையே அவற்றுடையதாகிவிட்டது. தட்டை எடுத்தால் ஒரு புகை எழும்பி அடங்கும். வாழைக்குலையைத் தொட்டால் முகத்தில் வந்து மோதும். காபியில் ஒன்று, ரசத்தில் ஒன்று. கல்லூரியில் பாட்டிலுக்குள் அவை எத்தனை பெருகுகின்றனவோ அத்தனை எனக்குச் சந்தோஷம். வீட்டில் ஒன்றைப் பார்த்தாலும் கைத்துண்டை எடுத்து வீசுவேன்.

"உன் சேலையில ஒட்டிக்கிட்டுதான் வருது," என்றார் அவர்.

"அது அப்படியெல்லாம் வராது. நான் பாட்டிலைப் பத்திரமாத்தான் மூடுதேன்."

"பின்னே எங்கேருந்து வருது? இருபது வருஷமா இந்த வீட்டுல இல்லாத சாதனம் இப்ப எப்படி வந்துச்சு?"

பதில் எனக்குத் தெரியும். ஜாடியின் வாசனைக்குத்தான் வருகிறது. ஆனால் ஜாடியைக் குறை சொன்னால் ஜாடியை எடுக்க வேண்டிவரும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மறுநாளிலிருந்து கல்லூரியிலிருந்து வந்ததும் பையைப் படிக்கட்டிலேயே உதறினேன். குளியலறைக்கு நேராகப் போய்ச் சேலையை மாற்றினேன். அவர் பார்க்கும்படி செய்தேன்.

ஈக்களோடு சண்டை தொடங்கியது. வாழைக்குலையை அடுக்களையிலிருந்து எடுத்து மொட்டைமாடியில் கட்டினேன். பழத்தோலை அன்றன்றைக்கே கீழே கொண்டுபோய் உரத்தொட்டியில் போட்டு மண் மூடினேன். ஸிங்க் குழாயில் தினமும் கொதிக்கும் தண்ணீர். ஒரு கிளாஸில் வினிகர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மேலே காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் செருகி வைத்தேன். வாசனைக்கு உள்ளே இறங்கும் ஈக்கு ஏறி வர வழி தெரியாது. சோப்பு விழுந்த திரவத்தில் அதன் கால் நிற்காது, மூழ்கிவிடும். காலையில் பார்த்தால் அடியில் மிளகைத் தூவினதுபோல் கிடக்கும். எண்ணுவேன். முப்பது, நாற்பது. ஆனால் மேலே பறப்பது குறைந்த மாதிரி இருக்காது. வேலைக்குப் போகும் அவசரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிவந்து ஜாடியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவேன்.

நான் விட்ட பிழை துணியில் இருந்தது. ஜாடியை மூடியிருந்தது பழைய கொசுவலைத் துண்டு. இரண்டாக மடித்திருந்ததால் போதும் என்று நினைத்துவிட்டேன். ஈ உள்ளே போக வேண்டியதில்லை. வலையின் கண்ணில் உட்கார்ந்து வாலை நுழைத்து முட்டையிட்டால் போதும். பாட்டிலுக்கு நெருக்க நெய்த துணியில் பஞ்சைச் சுற்றி அடைப்பவள், வீட்டு ஜாடிக்கு வலையைப் போட்டிருக்கிறேன். இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் மாலை கிளாஸில் ஊற்றிக்கொண்டவர் பாதியில் நிறுத்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வெள்ளைப் புழு, அரிசி நொய்யைவிடச் சிறியது, நெளிந்துகொண்டிருந்தது. அவர் கத்தியிருந்தால் தேவலை. கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தார். சட்டையை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"சும்மா நடந்துட்டு வாறேன்."

மணி ஆறு. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. பின்னாலேயே போகலாமா என்று தோன்றியது. போனால் நம்பவில்லை என்று ஆகும். போகாவிட்டால்? இரண்டு ஜாடியையும் கவிழ்த்தேன். கழுவினேன். கொதிநீர் ஊற்றினேன். மறுபடி கழுவினேன். ஜன்னலுக்குப் போனேன். கோயில் மணி அடித்தது. ஃபோனை எடுத்தேன், வைத்தேன். அவர் வீட்டுக்குள் நடப்பதைப் போலவே நானும் முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்ததை, மூன்றாவது முறை மேசை முனையில் இடித்துக்கொண்ட பிறகுதான் கவனித்தேன்.

ஏழரைக்கு வந்தார். கதவைத் திறந்தவள் நகராமல் நின்றேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே வரும்போது மூச்சை இழுத்தேன். வியர்வை வாசம் மட்டும்தான்.

அவர் நின்றுவிட்டார். "மணத்திப் பாத்தாச்சா?" என்றார்.

நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"ஸ்டேஷன் வரைக்கும் போனேன். மேம்பாலத்துல நின்னு வண்டி போறதைப் பாத்தேன். நாலு வண்டி போச்சு. திரும்பி வந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஜாடிக்கு அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு மடிப்பாகப் போட்டு, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஜாடிக்குள் அப்புறம் புழு இல்லை. வெளியே மட்டும் ஈ குறையவில்லை. கீழ்வீட்டுச் சேச்சியின் அடுக்களைக்கும் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு காலையில் துணி காயப்போடும்போது சேச்சி பிடித்துக்கொண்டார்.

"மோளே, வினிகரொண்ணும் போராது. இத்திரி பியர் ஒழிச்சு வெச்சா மதி. ஈச்ச மொத்தம் அதில வீழும். மருமகன் வந்தப்போ பாக்கி வெச்சுப் போனது ஃப்ரிட்ஜில உண்டு, தரட்டே?"

வினிகர் போதாதாம், கொஞ்சம் பியர் ஊற்றி வைத்தால் ஈ எல்லாம் அதில் விழுமாம். என் வீட்டு விஷயம் சேச்சிக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்ல? சேச்சி ஒரு மருந்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தார். புடவைத் தலைப்பில் மறைத்து மேலே கொண்டுவந்தேன்.

இரண்டு ஸ்பூன் போதுமானதாக இருந்தது. சின்னக் கிண்ணத்தில் விட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தரையோரம் வைத்தேன். மீதியை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அன்று மாலையே கிண்ணம் கறுத்துவிட்டது. சேச்சி சொன்னது சரி. எனக்கும் தெரிந்ததுதான், ஈஸ்ட் வேலை செய்த வாசனையைத் தேடித்தான் அந்த ஈ உயிர்வாழ்கிறது. பியரைவிட நல்ல இரை அதற்குக் கிடையாது.

ஆனால் எனக்கு நிலைகொள்ளவில்லை. கல்லூரியில் பாட்டில் கழுவும்போது அரிசி டின் நினைவுக்கு வரும். மூன்றாம் நாள் பிராக்டிகல் நடுவே, ஈதரில் மயங்கிய ஈக்களை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தவள், தட்டை அப்படியே வைத்தேன். தலைவலி என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். மதியம் பன்னிரண்டரை. வழியெல்லாம் சிக்னல். இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் போலிருந்தது.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அவர் அடுக்களை வாசலில், தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தக் கிண்ணம். பக்கத்தில் மருந்துப் புட்டி, அரிசிமணிகள் ஒட்டியபடி. நான் புட்டியைத்தான் முதலில் பார்த்தேன். அளவைப் பார்த்தேன். குறைந்திருக்கவில்லை.

"லீவு சொல்லிட்டு வந்துட்டேன்," என்றார். "காலையிலேருந்து அங்க ஒரு ஜோலியும் ஓடல. இது இங்க இருக்குன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"எப்பப் பாத்தீங்க?"

"பாக்க என்ன இருக்கு? முந்தாநாள் படியேறும்போதே தெரியும். ரெண்டு ரூம் தாண்டி எனக்கு மணக்கும். ரெண்டு நாளா நான் அடுக்களைக்குள்ள வரலியே, நீ கவனிக்கலியா?"

கவனிக்கவில்லை. ஈயைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"ஈக்குத்தான் வெச்சேன்," என்றேன். சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"தெரியும். அதான் எடுக்காம இருந்தேன்." கிண்ணத்தை விரலால் தள்ளி வைத்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார். "உன் கைதச்சக்கை வெள்ளத்துலயும் அது இருக்கு, கேட்டியா? கொஞ்சமா இருக்கும். ஆனா இருக்கு. ரெண்டாவது வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு கிளாஸ் ரெண்டாச்சு. ரெண்டு நாள் கூட வெளிய வெச்சா இன்னும் சுள்ளுன்னு இருக்குமேன்னு மனசு கணக்குப் போடுது. உன்கிட்ட சொன்னா நீ நிறுத்திடுவ. அதான் சொல்லல."

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஈ ஒன்று அவர் முழங்கையில் வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் விரட்டவில்லை.

"எனக்கும் தெரியும்," என்றேன்.

அதுதான் உண்மை. பன்னிரண்டு வருடமாக ஈஸ்ட் தூவுகிறவள் நான். சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்ந்தால் என்ன உண்டாகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தினமும் கேட்கிறவள். பழத்தோலிலேயே ஈஸ்ட் உண்டு; முதல் ஜாடி பொங்கியபோதே தெரியும். கொஞ்சம்தானே என்று மூடிவைத்தேன். ஆறு மணிக்கு அவர் உட்கார்ந்து குடிப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. அந்த நடையை நிறுத்த வேண்டியிருந்தது.

"படிச்சவதானே நீ," என்றார். சிரிக்கிற மாதிரி ஆரம்பித்த முகம் வேறுமாதிரி ஆகிவிட்டது. அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

புட்டியை நான் எடுக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "நான் ஊத்துதேன். நீ பக்கத்துல நில்லு." ஸிங்கில் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு ஜாடிகளையும் ஃப்ரிட்ஜிலிருந்த மூன்று புட்டிகளையும் சேர்ந்து கீழே கொண்டுபோய் வாழைமரத்து மூட்டில் கொட்டினோம். சேச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். சிகிச்சை கொடுத்த அதே டாக்டர்; என்னைவிட இளைய பெண். நான் எல்லாவற்றையும் ஒப்பிக்க ஆரம்பித்தேன்: எத்தனை நாள் ஊறியது, எத்தனை கிளாஸ், அவருக்கும் முன்பே தெரிந்திருந்தது. டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் கணவரிடம் திரும்பினார்.

"சேட்டன் பறயூ. எப்பத் தெரிஞ்சது, ஏன் சொல்லல?"

"இவ ஆசையா செய்தா, டாக்டர்."

டாக்டர் குறித்துக்கொண்டார். புளித்த பானம் எதுவும் வீட்டில் வேண்டாம், அளவு சின்னதானாலும் வேண்டாம் என்றார். நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டுமா என்று நான் கேட்டேன். "யார் எண்ணுறது?" என்று டாக்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜாடி போன பிறகும் ஈ உடனே போகவில்லை. எங்கோ இடுக்கில் கூடுகள் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுப்பை நகர்த்தி மேடையைத் துடைத்தேன். ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் வடியும் தட்டைக் கழற்றினால், அதில் வழவழவென்று ஒரு படலம். புழுக்கள் அங்கேயும் குடியிருந்தன. அவர் கழுவினார், நான் விளக்குப் பிடித்தேன். ஆறாம் நாள் நாலைந்து பறந்தன. பன்னிரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகும், வெறும் ஜன்னலோரத்தைக் காலையில் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் தவறினார். பகலில்தான். குடித்த இடத்திலிருந்தே எனக்கு ஃபோன் செய்தார். "வந்து கூட்டிட்டுப் போ" என்றார். போய்க் கூட்டிவந்தேன். மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனோம். அதற்கப்புறம் இன்றுவரை இல்லை.

லாட்ஜில் கேட்டு மதியம் ஒன்றிலிருந்து இரவு எட்டு வரைக்கும் டியூட்டியை மாற்றிக்கொண்டார். அந்தப் பொல்லாத நேரத்தில் இப்போது அவர் முன்னால் வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். சாவி கொடுக்க, ஆதார் நகல் வாங்க, ஏசி ஓடவில்லை என்கிறவனைச் சமாதானப்படுத்த. நடக்க நேரம் இல்லை என்கிறார்.

அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது நான் மட்டும். என்னால் உட்கார முடிவதில்லை. விளக்கேற்றிவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன். சேச்சி மறுநாளைக்கு வெண்டைக்காயோ பயறோ நறுக்கிக்கொண்டிருப்பார். எனக்கும் ஒரு கத்தி எடுத்துத் தருவார். மகள் வீட்டுக் கதை, வாட்டர் டேங்க் ஒழுகுவது, கோயில் உற்சவத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பேசிக்கொண்டே இருப்பார். நான் பாதியைக் கேட்பேன். தெருமுனையில் ஆட்டோ ஏதாவது வேகம் குறைத்தால் கத்தி தானாக நின்றுவிடும்.

"கையைப் பாத்து அரியு, மோளே," என்பார் சேச்சி.